தேறாத மணல்

பதினாறு வருட உழைப்புக்குக்
கம்பெனி கொடுத்தது ஒரு கூப்பன்.
கைக்கடிகாரம் தீர்ந்துவிட்டதாம்.
மூன்று இரவு, நான்கு பகல்,
வழிகாட்டியோடு மணலில் நடை.
பணமாக மாற்றித் தரமாட்டார்கள்.

அல் வாஸிலில் டயர்க் கடை வாசலில்
ஹுமைத் எங்கள் பைகளைத்
தராசுக் கொக்கியில் மாட்டினான்.
என்னுடையது பதினான்கு கிலோ.
கையை நீட்டினான்.
இரண்டாவது டார்ச், இஸ்திரி போட்ட சட்டை,
ஒரு கிலோ முறுக்கு.
முறுக்கை மட்டும் திருப்பித் தந்தான்,
எல்லார் பையிலும் பிரித்துப் போடச் சொல்லி.

மரிவிக், ருவியில் நர்ஸ்.
முழங்காலில் பட்டை கட்டிய ஒரு சுவிஸ் தம்பதி.
எழில் என்றேன்.
ழகரத்தைத் தூக்கித் தூர வைத்துவிட்டு
எஸில் என்றார்கள்.
ஹுமைத்தின் மகள் ஷம்ஸா பிக்கப்பில் கொண்டுபோய்
நடு மணலில் இறக்கிவிட்டு
ஹாரன் அடித்தபடி திரும்பிப் போனாள்.
அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது.
பிறகு என் மூச்சு மட்டும்.

காலை வைத்தால்
பாதி அடியை மணல் திருப்பிக் கேட்கிறது.
ஹுமைத் மட்டும் காற்று இறுக்கிய பக்கமாக
மாடிப்படி ஏறுகிறவனைப் போல் போனான்.
"என் தடத்தில் மிதி. புதிதாக எதையும் கண்டுபிடிக்காதே."

முதல் ராத்திரி என்ன வேலை என்று கேட்டார்கள்.
மணலைப் பார்ப்பது என்றேன்.
சிரித்தார்கள். உண்மை அதுதான்.
மிஸ்ஃபாவில் கான்கிரீட் ஆலை, ஆய்வுக்கூடம்.
லாரி மணலைக் காயவைத்து
ஏழு சல்லடை வழியாக இறக்கி
எது எதில் தங்கியது என்று எடை எழுதுவேன்.
இந்த மணல் எதிலும் தங்காது.
உருண்டு உருண்டு மழுங்கிப் போனது,
ஒன்றையொன்று பிடிக்காது,
சிமெண்டோடு சேராது.
ஒருமுறை இதைக் கலந்து கொண்டுவந்தான் ஒருவன்.
தேறாது என்று எழுதினேன்.
சம்பளம் பிடிப்பார்கள் என்று
அவன் என்னிடம் சொல்லவில்லை,
வண்டி நிழலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி
மறுபடி மாட்டினான்.

ஹுமைத் ஒரு பிடி அள்ளி
என் உள்ளங்கையில் கொட்டினான்.
"இதற்கும் எழுது."
சூடு இன்னும் இருந்தது அதில்.

இரண்டாம் நாள் சாயங்காலம்
காஃப் மரத்தடியில் புதைத்திருந்த கேனைத் தோண்டினான்.
அடியில் ஒரு விரிசல்.
இருபது லிட்டரில் இரண்டு மிச்சம்.
யாரும் பேசவில்லை.
அவன் போனைத் தூக்கிக்கொண்டு
மேட்டுக்கு மேல் மேடாக ஏறினான்,
ஒரு கோடு சிக்னலுக்கு.

சுவிஸ்காரர் காபிக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.
நீ அளந்தால் தகராறு வராது.
ஐந்து பேர், தலைக்கு நானூறு மில்லி.
தரையில் மண்டியிட்டு,
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி ஊற்றினேன்.
பதினாறு வருடத்தில்
என் கை அப்படி நடுங்கியதில்லை.
இருட்டில் மரிவிக் முறுக்கு வேண்டாம் என்றாள்.
உப்பு.

விடியலில் பனி.
ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் இல்லை.
சட்டை, துண்டு, பையின் உறை, எல்லாம் நனைந்து கிடந்தன.
பிழிந்தோம், அழுக்கும் துணி வாசமுமாக
அரைக் கோப்பை.
அளக்காமல் குடித்தோம்.
பிறகு வெள்ளைக்குள்ளிருந்து ஹாரன்.
ஷம்ஸா இறங்கியதும் முதலில் கேன்களை இறக்கினாள்,
அடுத்து அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.
அந்த அரபி எனக்குப் புரியவில்லை,
அந்தத் திட்டு புரிந்தது.
அவன் தலையைக் குனிந்து
மணலில் கட்டைவிரலால் எதையோ அழித்துக்கொண்டிருந்தான்.

ஏறுங்கள் என்றாள். யாரும் ஏறவில்லை.

நான்காம் நாள் மேடு சட்டென்று முடிந்தது,
கடல்.
மரிவிக் ஷூவோடு இறங்கிவிட்டாள்.
நான் பழக்கதோஷத்தில் குனிந்து
ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன்.
கொஞ்சம் பெரிய மணி. சிப்பித் தூள். உப்பு.
"எப்படி?" என்றான் ஹுமைத்.
"கழுவினால் தேறும்."
"எந்தத் தண்ணீரில்?"
காலிக் கேன் முதுகில் மொத்த
அவன் முன்னால் நடந்தான்.